மனமுவந்து விற்பவர்

அறுபத்தேழாம் வருஷம் பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, நகரத்துக்கு வெளியே பொங்கோலில் இருந்த பூவம்மாவின் வீட்டுக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. தபால்காரர் கைநாட்டுக் கேட்டார். கைநாட்டு வாங்கிக்கொண்டு கொடுக்கப்பட்ட காகிதம் எதுவும் அவளுக்கு நல்லது செய்ததில்லை. அதனால் கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பத்து வருஷப் பழக்கம் என்பதால் தபால்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி விடுங்க, நானே போட்டுக்கிறேன்" என்று அவள் பேருக்கு நேராக ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

பூவம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அரை ஏக்கர் நிலம் அவள் பேரில் இருந்தது. வாழை, முருங்கை, கறிவேப்பிலை, ஓரத்தில் நாலு தென்னை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இலை அறுத்துக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் சிராங்கூன் ரோட்டுக்குப் போவாள். பாதிக் கட்டு தேக்கா மார்க்கெட்டுக்கு, பாதி டன்லப் ஸ்திரீட்டில் மளிகைக்கடை வைத்திருந்த நெய்னா முகம்மதுக்கு. அன்று இலைக்கட்டோடு உறையும் போயிற்று.

நெய்னா முகம்மது நாகூர்க்காரர். தராசில் கொத்தமல்லியை நிறுத்துக்கொண்டே அரசாங்கத்தையும் நிறுப்பவர். ஒருத்தன் பையில் இன்னொருத்தன் கைவிடுகிற இடத்தில்தான் உலகத்துக் கேடுகளெல்லாம் தொடங்குகின்றன என்பது அவர் கட்சி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை ஒருமுறை மௌனமாகப் படித்தார். பிறகு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"என்ன பாய் எழுதியிருக்கு?"

"'மனமுவந்து விற்பவராகிய தங்களுக்கு'ன்னு ஆரம்பிக்கிறான்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான் பூவம்மா. உங்க நிலத்த நீங்க மனமுவந்து விக்கிறீங்களாம். இவங்க மனமுவந்து வாங்கிக்கிறாங்களாம். பொதுக் காரியத்துக்காம். தொண்ணூறு நாள்ல காலி பண்ணணும். நில இசைவு அலுவலகம்னு போட்டிருக்கு."

"நான் எங்க பாய் விக்கிறேன்னு சொன்னேன்?"

நெய்னா முகம்மது கடிதத்தைக் கல்லாப்பெட்டி மேல் வைத்து அதன்மேல் ஒரு படிக்கல்லையும் வைத்தார். "விலைங்கிறது என்ன? ரெண்டு பேரு சரின்னு சொல்றது. இந்த மல்லிக்கு நான் ஒண்ணு சொல்றேன், உங்களுக்குக் கட்டலன்னா எதிர்த்த கடைக்குப் போயிடுவீங்க. போகலாம்ங்கிறதாலதான் அதுக்குப் பேரு விலை. ஒருத்தன் மட்டும் சரின்னு சொன்னா அது விலையில்ல, உத்தரவு. உத்தரவுன்னே சொல்லிட்டுப் போனாலாவது யோக்கியமா இருக்கும். வரியும் இப்படித்தான். நான் மனமுவந்து கட்டுறேனாம். கட்டலன்னா கோர்ட்ல ஏத்துறான். அதுவும் என் மனமுவப்புதான் போல."

பூவம்மா யோசித்தாள். அவள் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "உங்க கடை வாடகையும் அப்படியா பாய்?"

டன்லப் ஸ்திரீட்டில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் அவருடைய வாப்பா கொடுத்த அதே வாடகையைத்தான் நெய்னா முகம்மது இன்றும் கொடுத்து வந்தார். ஏற்றக்கூடாது என்று சட்டம். கட்டடத்துக்குச் சொந்தக்காரியான சீனக் கிழவி மாதாமாதம் வந்து, வேப்பெண்ணெய் குடிக்கிற முகத்தோடு அதை வாங்கிக்கொண்டு போவாள்.

"அது வேற" என்றார் நெய்னா முகம்மது. ஏற்கெனவே நிறுத்த மல்லியை மறுபடியும் தராசில் கொட்டினார்.

நில இசைவு அலுவலகம் டோபி காட் பக்கம் மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. வாசலில் நாலு மொழியில் ஒரு பலகை: 'இங்கு எவரும் வற்புறுத்தப்படுவதில்லை.' பலகையை யாரும் சேதப்படுத்தாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலாளி தடியோடு நின்றார். உள்ளே முதல் கவுண்டரில் சரஸ்வதி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். நல்ல முகம், நல்ல கையெழுத்து.

"எனக்கு விக்க இஷ்டமில்லம்மா. அதச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சரஸ்வதி மேசைக்கு அடியில் இருந்த படிவங்களைப் புரட்டினாள். "அதுக்கு ஃபாரம் இல்லயேம்மா."

"இஷ்டமில்லாதவங்க என்ன செய்வாங்க?"

"இஷ்டமில்லாதவங்க இந்த கவுண்டருக்கு வரமாட்டாங்கம்மா. இது விக்கிறவங்க கவுண்டர். நீங்க வந்துட்டீங்க. நான் டேட் போட்டு எழுதியும் வச்சிட்டேன்."

"வராம இருந்திருந்தா?"

"வரலன்னா அப்ஜெக்‌ஷன் இல்லன்னு எழுதிக்குவோம்." அவள் கேலி செய்யவில்லை. அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பூவம்மா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மனதுக்குள் ஒரு கணக்கு போட்டாள். நிலம் போகப் போகிறது. அது அவளுக்குத் தபால்காரர் சைக்கிளில் ஏறியபோதே தெரிந்துவிட்டது. பெரிய இடத்தை எதிர்த்துத் தனியாக நின்று ஜெயிக்கலாம் என்று அவள் எந்தக் காலத்திலும் நினைத்ததில்லை. அவளுக்கு முள்ளாக இருந்தது 'மனமுவந்து' என்ற அந்த ஒரு வார்த்தைதான்.

மறுபடியும் கவுண்டருக்குப் போனாள். "எடுத்துக்கங்கம்மா. வேணாம்னு சொல்ல நான் யாரு? ஆனா எடுத்துக்கிட்டோம்னு எழுதுங்க. பூவம்மா குடுத்தான்னு எழுதாதீங்க. அவ்வளவுதான் நான் கேக்குறது."

இதற்குக் காரணம் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில், நாற்பத்து மூன்றில், அவள் புருஷன் துரைசாமி அரிசி வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது மேசை போட்டு ஆள் எடுத்தார்கள். சயாமில் ரயில் பாதை வேலை, மூன்று மாதம், சொந்த விருப்பத்தின் பேரில் போகிறேன் என்று எல்லோரிடமும் கைநாட்டு வாங்கினார்கள். வரிசைக்கு இரண்டு பக்கமும் துப்பாக்கி. துரைசாமி திரும்பவில்லை. சண்டை முடிந்து அவள் விசாரிக்கப் போனபோது, எங்கிருந்தோ மீந்து வந்த ஒரு பட்டியலில் அவன் பேரைக் காட்டினார்கள். பேருக்கு நேராக 'தன்னிச்சையாகச் சென்றவர்' என்று எழுதியிருந்ததை ஒருவர் படித்துச் சொன்னார். அவன் செத்ததைக்கூட அவள் ஒருவாறு தாங்கிக்கொண்டாள். அவளையும் இரண்டு வயதுக் குழந்தையையும் அவன் ஆசைப்பட்டு விட்டுப் போனான் என்று ஒரு காகிதம் எங்கேயோ சொல்லிக்கொண்டிருக்கிறதே, அதைத் தாங்க முடியவில்லை.

சரஸ்வதி உள்ளே போய்ச் சொன்னாள். முதன்மை இசைவு அதிகாரி சுந்தரம் தாமே வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, வாசனையான கைக்குட்டை. அலுவலக நேரத்தில் அவர் செந்தமிழ் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

"அம்மையீர், 'எடுத்துக்கொண்டோம்' என்ற சொல் இவ்வலுவலகத்தின் அகராதியிலேயே இல்லை. சென்ற ஆண்டு இங்கு வந்த ஆயிரத்து நூற்றுப் பதினோரு பேரும் மனமுவந்தே விற்றார்கள். நூற்றுக்கு நூறு. உலகில் எந்த நாட்டிலும் இவ்வளவு விருப்பம் காணப்பட்டதில்லை. தாங்கள் ஒருவர் 'எடுத்தார்கள்' என்று எழுதச் சொன்னால் அந்த ஆயிரத்து நூற்றுப் பதினோரு பேரின் மனம் என்ன பாடுபடும்?"

"அவங்கள்ல யாராச்சும் இஷ்டமில்லன்னு சொன்னாங்களா சார்?"

"தொடக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள்" என்றார் சுந்தரம் பெருமையாக.

அதன் பிறகு அலுவலகம் அவளிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டது. குறை அவள் காதில் இருக்கலாம், விவரம் சரியாகக் கேட்டிருக்காது என்று முதலில் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் காதில் விளக்கடித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், தலையை மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். விருப்பம் தெரிவிக்கத் தேவையான உறுப்புகள் எல்லாம் நல்ல நிலையில் இருப்பதாகச் சான்றிதழ் கொடுத்தார். அடுத்து, மூன்று சனிக்கிழமை காலைகளில் மேல்மாடியில் நடந்த விருப்ப வகுப்பு. அவளோடு ஒரு சீனப் பன்றிப்பண்ணைக்காரரும், கரையோரத்தில் குடிசை வைத்திருந்த ஒரு மலாய்க்காரரும் உட்கார்ந்தார்கள். சுந்தரம் கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டு அதற்குள் 'நான்' என்று எழுதுவார். பிறகு பேசுவார்.

"வற்புறுத்திப் பெறுவது விருப்பம் ஆகாது. இது எங்கள் கொள்கை. ஆகவே, உண்மையான விருப்பம் பிறக்கும்வரை நாங்கள் தங்களை விடமாட்டோம். எத்தனை மாதம் ஆனாலும் சரி. எங்களுக்குச் சம்பளம் உண்டு. தங்களுக்குத்தான் பிழைப்பு கெடும். இதைச் சிந்திப்பதும் விருப்பத்தின் ஒரு பகுதியே."

இரண்டாம் சனிக்கிழமை பன்றிப்பண்ணைக்காரருக்கு விருப்பம் பிறந்தது. பன்றிகள் பட்டினி கிடப்பதாகச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் சனிக்கிழமை மலாய்க்காரருக்குப் பிறந்தது. பஸ் காசு தீர்ந்துவிட்டது அவருக்கு. எல்லோரும் கைதட்டினார்கள். பூவம்மாவும் தட்டினாள். அந்த மனிதர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

சித்திரை முடிவில் மதிப்பீட்டுக்காரர் நிலத்தைப் பார்க்க வந்தார். எழுதிக்கொள்ள சரஸ்வதி கூட வந்தாள். தென்னை ஒன்றுக்கு இவ்வளவு, வாழைக்குத்து ஒன்றுக்கு இவ்வளவு என்று அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கறிவேப்பிலைச் செடி பட்டியலில் இல்லை என்பதால் அதைக் குப்பைச்செடியில் சேர்த்தார்கள். பிறகு பின்பக்கம் வந்தார்கள். அங்கே ஒரு சின்ன மேடு. தலைமாட்டில் ஒரு உருண்டைக் கல். மேடு முழுக்க சுடுகாட்டு மல்லி, ரோஸ் நிறத்தில் தானாகப் படர்ந்து பூத்திருந்தது.

"இது என்ன பயிர்?" என்றார் மதிப்பீட்டுக்காரர்.

"எம் பொண்ணு சார். கண்மணி."

சரஸ்வதியின் பேனா நின்றது.

துரைசாமி போன அடுத்த வருஷம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து இல்லை. மரவள்ளிக் கஞ்சியும் உள்ளே தங்கவில்லை. நாலாம் நாள் விடியலில் போய்விட்டாள். இடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக ரோட்டில் மூன்று இடத்தில் ஜப்பான்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும். பூவம்மா தானே மண்வெட்டியை எடுத்தாள். தன் சேலை ஒன்றில் சுற்றி, தன் மண்ணிலேயே படுக்க வைத்தாள். அந்த மண்ணை விட்டு அவள் இருபத்து மூன்று வருஷமாக எங்கும் ஒரு நாளும் வெளியே தங்கியதில்லை.

மதிப்பீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு கையேட்டைப் புரட்டினார். "சமாதி இருந்தா கழிவு உண்டும்மா. மொத்தத்துல இருநூறு வெள்ளி குறையும்."

"ஏன் சார்?"

"மனமுவந்து வாங்குறவர் யாரும் சமாதி இருக்கிற நிலத்துக்கு முழு விலை குடுக்க மாட்டாரே."

"நீங்கதான வாங்குறீங்க?"

"நாங்கதான் வாங்குறோம். ஆனா வேற ஒருத்தர் வாங்குறதா நெனச்சுக்கிட்டு விலை போடணும். அதுதான் சந்தை விலை."

"அந்த வேற ஒருத்தர் யாரு சார்?"

"அப்படி யாரும் இல்லம்மா" என்றார் அவர். சரஸ்வதி குனிந்து எழுதினாள்: காட்டுப்பூ, விலையில்லை. சமாதி ஒன்று, கழிவு இருநூறு.

நெய்னா முகம்மது அவளுக்காக நாலு மனு எழுதினார். மூன்றுக்குப் பதில் வரவில்லை. நாலாவதற்கு, அவருடைய தமிழ் நடை சிறப்பாக இருப்பதாக சுந்தரம் பாராட்டி எழுதியிருந்தார். தொண்ணூறு நாளில் ஆறு நாள் மீதி இருந்தபோது அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பூவம்மாவைக் கூப்பிட்டுப் போனான்.

சுந்தரம் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, குடிக்கச் சூடாக மைலோ வரவழைத்துக் கொடுத்தார். "தங்கள் புதல்வியின் சமாதியைத் தோண்டி, சுவா சூ காங் இடுகாட்டில் அடக்கம் செய்ய அனுமதி உண்டு. செலவையும் அலுவலகமே ஏற்கும்."

பூவம்மாவுக்கு நெஞ்சு லேசாயிற்று. "நல்லா இருப்பீங்க சார்."

"ஆனால் அவ்வனுமதி மனமுவந்து விற்பவருக்கு மட்டுமே உரியது. மனமுவக்காதவருக்கு இங்கே கோப்பே கிடையாதே. கோப்பு இல்லாத ஒருவருக்கு எந்தக் காகிதத்தில் அனுமதி எழுதுவது? வரும் திங்கட்கிழமை இயந்திரம் வருகிறது. இயந்திரத்துக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. அதற்கு மேடு தெரியாது, பள்ளம் தெரியாது." அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் தங்களை வற்புறுத்தவில்லை. நேரத்தை மட்டுமே தெரிவிக்கிறேன்."

பூவம்மா மைலோவைக் குடிக்கவில்லை. அது ஆடை கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மைய எடுத்துட்டு வாங்க" என்றாள்.

கைநாட்டு வைப்பதற்கு ஒரு விதி இருந்தது. வைப்பவரை யாரும் தொட்டுவிடக்கூடாது, நெருக்கவும் கூடாது. சரஸ்வதி மைப்பெட்டியையும் காகிதத்தையும் மேசையில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். சுந்தரம் இரண்டு அடி நகர்ந்தார். கூப்பிட்டு வந்த ஆள் நகர்ந்தான். வாசலில் இருந்து சாட்சிக்கு வந்த காவலாளியும் தடியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தார். அந்தப் பெரிய அறையின் நடுவில் பூவம்மா தன்னந்தனியாக நின்றாள். அவளைச் சுற்றி எட்டுத் திசையிலும் சுதந்திரம். கட்டைவிரலை மையில் அமுக்கினாள். காகிதத்தில் வைக்கும்போது 'மன்னிக்கணும்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். துரைசாமியிடமா, கண்மணியிடமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாளே பாராட்டு விழா வைத்தார்கள். நூற்றுக்கு நூறு மறுபடியும் கைக்கு வந்த சந்தோஷம். மாலை போட்டுப் படம் எடுத்தார்கள்.

"கத்தியின்றி, சட்டத்தின் கடுமையின்றி, ஒரு தாயின் உள்ளத்தை வென்றிருக்கிறோம்" என்றார் சுந்தரம். "மாநகரிலேயே மிக உறுதியான மறுப்பாளராக இருந்தவர் இன்று மிக உறுதியான விருப்பாளர். இவரைப் போல் இன்னும் பலர் மறுக்க முன்வர வேண்டும் என்பதே என் அவா. அப்போதுதான் எங்கள் பணியின் அருமை மக்களுக்குப் புரியும்." பிறகு அவளை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

பூவம்மா ஒலிவாங்கியைப் பார்த்துக் கேட்டாள்: "நாளைக்கே தோண்டிடலாமா?"

அவள் நன்றி தெரிவித்ததாக மற்ற மூன்று மொழிகளிலும் சொன்னார்கள். கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை காலை, நெய்னா முகம்மது கடையை அடைத்துவிட்டு அவளோடு பொங்கோலுக்கு வந்தார். ஜும்மாவுக்குள் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார். கடைசியில் திரும்ப முடியவில்லை. பூவம்மா புது மல்துணி இரண்டு கஜம் வாங்கி மஞ்சள் தடவி வைத்திருந்தாள். அலுவலகத்திலிருந்து இரண்டு கூலியாட்களும், படிவத்தோடு சரஸ்வதியும், மேற்பார்வைக்கு சுந்தரமும் வந்திருந்தார்கள்.

"மெதுவா வெட்டுங்கய்யா" என்றாள் பூவம்மா. "தலை இந்தப் பக்கம்."

மூன்றடி போனார்கள். சிவப்பு மண். நாலடி போனார்கள். பக்கவாட்டில் அகலப்படுத்தினார்கள். கூலியாட்களில் மூத்தவர் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் அரித்துப் பார்த்தார். எதுவும் இல்லை. எலும்பு இல்லை, துணி இல்லை, ஒரு பாசிமணி இல்லை. மழை ஊறிய மண். இருபத்து மூன்று வருஷம். மூன்று வயது.

மூத்தவர் நிமிர்ந்தார். "மண்ணோட மண்ணாயிட்டாம்மா. சின்னப் பிள்ளைங்கன்னா அப்படித்தான். எலும்பு கெட்டியாகுறதுக்கு முந்தியே போயிடுதுல்ல."

ஒரு இடத்தில் மட்டும் மண் கொஞ்சம் கறுத்திருந்தது. பூவம்மா குழிக்குள் இறங்கினாள். துணியை விரித்தாள். அந்தக் கறுத்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி வைத்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டித் தூக்குகிற மாதிரி, கழுத்தடியில் கை கொடுத்து அள்ளினாள்.

சரஸ்வதி கையிலிருந்த படிவத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. "சார்," என்றாள் மெல்ல, "எச்சங்கள்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதட்டும்?"

சுந்தரம் குழிக்குள் எட்டிப் பார்த்தார். அவருக்கு வியர்த்தது. "எச்சம் ஏதும் இல்லை அல்லவா? இல்லை என்று எழுதுங்கள்." பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அம்மையீர், எச்சம் தங்களுடையது. அதில் ஐயமில்லை. ஆனால் மண்... செவ்வாய்க்கிழமை கைநாட்டோடு மண் அலுவலகத்துக்கு உரியதாகிவிட்டது."

"ஒரு புடி மண்ணுய்யா!" என்று கத்தினார் நெய்னா முகம்மது. "நீயும் பிள்ள பெத்தவன்தானே?"

"ஒரு பிடி என்பதல்ல செய்தி. உரிமையாளரின் இசைவின்றி ஒரு பிடியை எடுப்பதும் எடுப்பதுதான். சொத்துரிமையின் புனிதம் பற்றித் தாங்களே நாலு மனுவில் எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் எவரிடமிருந்தும் அப்படி எடுத்ததே இல்லை. எங்களிடமிருந்து மட்டும் எடுக்கலாமா?"

நெய்னா முகம்மது வாயைத் திறந்தார். தன் வாழ்நாள் முழுக்கப் பேசிய பேச்சு இன்னொருத்தன் வாயில் போய் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தார்.

பூவம்மா குழிக்குள் நின்றபடியே கேட்டாள். "அப்ப விலை சொல்லுங்க சார். நான் வாங்கிக்கிறேன். மனசார வாங்கிக்கிறேன். என் நிலத்துக்கு வர்ற காசு அம்புட்டையும் எடுத்துக்கங்க."

சுந்தரத்தின் முகம் தெளிந்தது. வழி ஒன்று கிடைத்ததில் அவருக்கு உண்மையாகவே நிம்மதி. "அப்படிக் கேளுங்கள். அதற்கு முறை இருக்கிறது. விண்ணப்பம் எழுதுங்கள், நான் மேலிடத்துக்கு அனுப்புகிறேன். முடிவு வரும்வரை பொருள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்."

துணியை உதறச் சொன்னார்கள். அவள் உதறவில்லை. குனிந்து, மண்ணை எடுத்த இடத்திலேயே மெல்லச் சாய்த்தாள். கூலியாட்கள் குழியை மூடினார்கள். மூத்தவர் யாருக்கும் தெரியாமல் ஒரு பிடி அள்ளி இடுப்பில் செருகப் பார்த்தார். சுந்தரம் இருமினார். மூத்தவர் கையை விரித்து மண்ணைக் கீழே விட்டார். விண்ணப்பத்தை சரஸ்வதி அங்கேயே, தென்னை மரத்தில் காகிதத்தை வைத்து, தன் நல்ல கையெழுத்தில் எழுதினாள். இரண்டு இடத்தில் மை கரைந்துவிட்டதால் திருப்பி எழுத வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை இயந்திரம் வந்தது. சொன்ன நாளில் வந்த ஒரே காரியம் அதுதான். அரை ஏக்கரையும் ஒரே காலையில் மட்டமாக்கிவிட்டு, கம்பிவேலி போட்டுவிட்டுப் போனார்கள். பொதுக் காரியம் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. வேலிக்குள் லாலாங் புல் வளர்ந்தது.

பூவம்மாவுக்கு தோ பாயோவில் ஆறாவது மாடியில் ஒரு அறை வீடு கிடைத்தது. குழாய்த் தண்ணீர், மின்விளக்கு எல்லாம் நன்றாகவே இருந்தன. காலையில் எழுந்து மண்ணில் கால் வைக்கப் போய், சிமெண்டில் வைத்துவிட்டுச் சற்று நேரம் நிற்பாள். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். வேலை முடிந்ததும் டன்லப் ஸ்திரீட்டுக்கு நடந்து வந்து, "கடுதாசி வந்துச்சா பாய்?" என்று கேட்பாள். அலுவலகத்துக்கு அவள் நெய்னா முகம்மதின் கடை விலாசத்தைத்தான் கொடுத்திருந்தாள். புது வீட்டு விலாசம் அவளுக்கு இன்னும் வாயில் நுழையவில்லை.

ஆவணி மாதம் கடிதம் வந்தது. நெய்னா முகம்மது அதை இரண்டு நாள் கல்லாப்பெட்டிக்குள் வைத்திருந்தார். அந்த இரண்டு நாளும் பூவம்மா வந்து கேட்டபோது வரவில்லை என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். மூன்றாம் நாள் அவள் வந்து நின்றபோது முகத்தைப் பார்க்க முடியாமல் எடுத்துப் பிரித்தார்.

"என்ன பாய், ரொம்ப விலை சொல்றாங்களா?"

"விலையே சொல்லல பூவம்மா."

"பின்ன?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "'தங்கள் விண்ணப்பம் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. குறிப்பிட்ட மண்ணை விற்பதில் இவ்வலுவலகத்துக்கு விருப்பமில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். மனமுவக்காத எவரையும் விற்கும்படி வற்புறுத்துவது முறையன்று என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.'"

கடைக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பூவம்மா அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாள். பாத்திரம் கழுவி ஊறிப்போயிருந்த விரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டாள்.

"கடைசியா வந்தத இன்னொரு தடவ படிங்க பாய்."

அவர் படித்தார்.

"அவங்களுக்கு இஷ்டமில்லன்னா, அப்புறம் யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுல்ல?"

"முடியாதும்மா."

பூவம்மா அரிசி மூட்டையை விட்டு எழுந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அடுத்த வீட்டுக்காரியின் பிள்ளைக்கு நல்ல வேலை கிடைத்ததைக் கேட்டவள் போல, ஒரு பெருமூச்சு விட்டுச் சொன்னாள்:

"குடுத்து வச்சவங்க."